படம் சமாந்தரமாகத்தானே இருக்கிறது? தரம் 9 கோணக் கணக்கில் ஒரு சிக்கல்

உவர்மலை அம்மா | வெள்ளி, இரவு 8.15

வணக்கம். மகள் தரம் 9. தவணைப் பரீட்சையில் கேத்திரகணிதக் கேள்வி ஒன்றுக்கு முழுப் புள்ளியும் போய்விட்டது. விடைத்தாளை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு மணித்தியாலமாக இருக்கிறோம். எங்கே பிழை என்று எனக்குப் பிடிபடவில்லை.

படத்தைச் சொல்கிறேன். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டையும் ஒரு குறுக்கோடி சரிவாக வெட்டுகிறது. மேல் கோட்டுக்கு உள்பக்கம், குறுக்கோடிக்கு இடப்புறம் 64° என்று குறித்திருக்கிறது. கீழ்க் கோட்டுக்கு உள்பக்கம், இடப்புறம் 118°. அதற்குப் பக்கத்தில், வலப்புறத்துக் கோணத்தில் கேள்விக்குறி. (அ) அந்தக் கோணத்தைக் காண்க. (ஆ) இரு கோடுகளும் சமாந்தரமா? காரணம் தருக.

மகள் (அ)வுக்கு 64° என்று எழுதி, காரணம் "ஒன்றுவிட்ட கோணங்கள்" என்று போட்டிருக்கிறாள். (ஆ)வுக்கு "ஆம், ஒன்றுவிட்ட கோணங்கள் சமன்". இரண்டுக்கும் சிவப்புக் கோடு. "அம்மா, படம் சமாந்தரமாகத்தானே இருக்கு" என்று அழுகிறாள். நானும் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன், அப்படித்தான் தெரிகிறது. ரியூசனில் "இசட் வந்தால் சமன்" என்று, அதாவது படத்தில் Z எழுத்து வடிவம் தெரிந்தால் அதன் இரண்டு மூலைக் கோணங்களும் சமன் என்று, சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஓ.எல். கணிதம் அரைகுறையாகத்தான் ஞாபகம். யாராவது ஆறுதலாக விளங்கப்படுத்துங்கள், அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கிண்ணியா சேர் | வெள்ளி, இரவு 9.40

தங்கச்சி, முதல்ல பிள்ளையின்ட கண்ணைத் துடைச்சு விடுங்க. முப்பது வருசத்துக்கு மேல படிப்பிச்சவன் நான். இந்தப் பிழையை வகுப்பில பாதிப் பேர் விடுவாங்க, கெட்டிக்காரரும் விடுவாங்க. திருத்தினவர் செய்ததும் சரிதான்.

கீழ்க் கோட்டில 118°உம் கேள்விக்குறியும் ஒரே நேர்கோட்டில அடுத்தடுத்து இருக்கு. இரண்டும் சேர்ந்தா 180°. அப்ப விடை 62°. மேலே இருக்கிறது 64°. இரண்டு பாகைதான் வித்தியாசம். கேள்வி எடுத்தவர் வேணுமெண்டே அப்படி வச்சிருக்கார். தாளில இருக்கிற சின்னக் கோட்டில இரண்டு பாகையைக் கண்ணால பிடிக்கிறது கஷ்டம், அடிமட்டத்தைச் சும்மா வச்சுப் பார்த்தாலும் லேசில தெரியாது.

இனி அடிப்படைக்கு வாறன். கோணச் சோடிகளை இரண்டு குடும்பமாப் பிரிச்சு வைங்க.

முதல் குடும்பத்துக்கு எந்த நிபந்தனையும் வேண்டாம். நேர்கோட்டு மேல அடுத்துள்ள கோணங்கள் சேர்ந்தா 180°. ஒரு புள்ளியைச் சுத்தி எல்லாம் சேர்ந்தா 360°. இரண்டு கோடு வெட்டினா குத்தெதிர்க் கோணங்கள் சமன். கோடு எப்படி வெட்டினாலும் இது நடக்கும். எங்கட வீட்டில குர்ஆன் வச்சு ஓதுற மடக்குப் பலகை இருக்கு, விரிச்சா பெருக்கல் அடையாளம் மாதிரி நிக்கும். மேல்வாய் 80° எண்டா கீழ்வாயும் 80°, இரண்டு பக்கமும் 100°. ஏன்? மேல்வாயும் பக்கக் கோணமும் சேர்ந்து 180°. அதே பக்கக் கோணமும் கீழ்வாயும் சேர்ந்து 180°. ஒரே ஆளோட சேர்ந்து ஒரே தொகை தாற இரண்டும் சமனாகத்தானே இருக்க வேணும். இதை முதல்ல கண்டவர் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கிரேக்க அறிஞர் தேல்ஸ் எண்டு, ஆயிரம் வருசம் கழிச்சுப் புரொக்குளசு எண்ட இன்னொரு கிரேக்க அறிஞர் எழுதி வச்சிருக்கார். கேத்திரகணிதத்தை ஒழுங்குபடுத்தி எழுதின யூக்கிளிட்டின்ட முதலாம் புத்தகத்தில இது 15ஆவது கூற்று.

இரண்டாவது குடும்பம் ஒத்த கோணங்கள், ஒன்றுவிட்ட கோணங்கள், நேயக் கோணங்கள். இதில பிள்ளைகள் தவற விடுற விசயம் ஒண்டு: இந்த மூண்டு பெயரும் கோணம் இருக்கிற இடத்தை மட்டும்தான் சொல்லும். ஒன்றுவிட்ட கோணம் எண்டா குறுக்கோடிக்கு இந்தப் பக்கம் ஒண்டு, அந்தப் பக்கம் ஒண்டு, இரண்டும் உள்ளுக்கு. அவ்வளவுதான். இரண்டு கோடும் எந்தத் திசைக்குப் போனாலும் அந்தச் சோடி இருக்கும். சமன் எண்ட பேச்சும், நேயக் கோணத்துக்குக் கூட்டினா 180° எண்ட பேச்சும், கோடுகள் சமாந்தரம் எண்டு தெரிஞ்ச பிறகுதான் வரும். உங்கட மகள் சொன்ன சோடி ஒன்றுவிட்ட சோடியேதான், அதில பிழை இல்லை. சமன் எண்டதுதான் பிழை.

(ஆ)வில நடந்ததையும் பாருங்க. சமாந்தரம் எண்டு நினைச்சு 64 எடுத்தா. எடுத்த 64ஐ வச்சுச் சமாந்தரம் எண்டு நிறுவினா. கேட்ட கேள்வியையே காரணமாக் குடுத்திட்டா.

அன்புவழிபுரம் பொடியன் | வெள்ளி, இரவு 10.05

சேர் சொன்னது போன வருசம் எனக்குத் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அக்கா, ஒரு சின்ன உதவி. மகள் யூரியூப்பில தமிழ்நாட்டு வீடியோ பார்த்தா சொல் மாறும். நாங்கள் சமாந்தரக் கோடுகள் எண்டுறதை அவங்கள் இணைகோடுகள் எண்டுவாங்கள். எங்கட குறுக்கோடி அங்க குறுக்குவெட்டி. கேத்திரகணிதம் எண்டு தேடினால் குறைவாத்தான் வரும், வடிவியல் எண்டு தேடுங்கோ. நேயக் கோணம் எண்ட பெயர் அங்க இல்லை, "குறுக்குவெட்டியின் ஒரே பக்கம் அமைந்த உட்கோணங்கள்" எண்டு நீட்டிச் சொல்லுவாங்கள். விசயம் ஒண்டுதான், பரீட்சையில எங்கட சொல்லை எழுதச் சொல்லுங்கோ.

உவர்மலை அம்மா | சனி, காலை 6.50

சேர், இரவே அவளை எழுப்பிச் சொன்னேன். 62 என்பது விளங்கிவிட்டது. ஆனால் பெயர்களில் இன்னும் தடுமாறுகிறாள். "ஒத்த கோணம் என்று பெயர் வைத்துவிட்டு ஒத்ததாக இல்லை என்றால் எப்படி அம்மா?" என்று கேட்கிறாள். எனக்கும் பதில் இல்லை. இன்னொன்று: நிரப்பு கோணங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தானா? அவளின் கொப்பியில் எல்லாப் படத்திலும் ஒட்டித்தான் கீறியிருக்கிறது.

கிண்ணியா சேர் | சனி, காலை 8.20

அவ கேட்டது அருமையான கேள்வி. அந்தப் பிள்ளைக்குக் கணிதம் வரும்.

தமிழ்ச் சொல்லே இங்க கொஞ்சம் வழுக்கி விடுது. "ஒத்த" எண்டதும் மனம் சமனுக்குப் போயிடும். இங்க அது "இரண்டு சந்தியிலும் ஒரே மூலையில இருக்கிற" எண்ட கருத்து. இந்தச் சந்தியில வடகிழக்கு மூலைக் கடை, அடுத்த சந்தியிலயும் வடகிழக்கு மூலைக் கடை. மூலை ஒண்டு, கடையின்ட பரப்பு ஒண்டா இருக்க வேணும் எண்டு இல்லையே.

"ஒன்றுவிட்ட" எண்டதை ஒன்றுவிட்ட அண்ணன், ஒன்றுவிட்ட தங்கச்சி எண்டு சொல்லுறதோட சேர்த்து நினைக்கச் சொல்லுங்க. நேரே உடன்பிறப்பில்லை, ஒண்டு தள்ளி. அதே மாதிரி குறுக்கோடிக்கு மற்றப் பக்கம் தள்ளி.

குத்தெதிரில இன்னொரு வழுக்கல் இருக்கு. "குத்து" எண்டா நிமிர்ந்து நிக்கிறது எண்டு நினைச்சு, மேலும் கீழும் இருக்கிற சோடியை மட்டும் குத்தெதிர் எண்டு எடுத்து, இடமும் வலமும் இருக்கிறதை விட்டிடுவாங்க. ஆங்கிலப் பெயரில (vertically opposite) இருக்கிற முதல் சொல், உச்சியைக் குறிக்கிற இலத்தீன் சொல்லில இருந்து வந்தது. உச்சிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதிர் எதிரா இருக்கிறது எண்டுதான் கருத்து. நான் வகுப்பில "உச்சியெதிர்" எண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டு, பிறகு புத்தகப் பெயரைச் சொல்லுவன். அதுக்குப் பிறகு அந்தப் பிழை வந்ததில்லை.

நிரப்பு கோணம் ஒட்டி இருக்கத் தேவையில்லை. கூட்டினா 90° எண்டா நிரப்பு, 180° எண்டா மிகைநிரப்பு. ஒண்டு உங்கட வீட்டிலயும் மற்றது எங்கட வீட்டிலயும் இருக்கலாம்.

பாலையூற்று தச்சன் | சனி, மதியம் 12.30

சேருக்கு வணக்கம். நான் ஓ.எல். கணிதம் இரண்டாம் முறைதான் சித்தியடைஞ்சனான். ஆனால் நிரப்பு கோணம் எண்டா எனக்கு ஒவ்வொரு நாளும் வேலை. அக்கா மகளுக்கு இதைச் சொல்லுங்கோ.

கூரைக்குக் கைமரம் வைக்கிறம். சரிவு 30° எண்டு வைப்பம். அதாவது கிடைக்கு 30°. முகட்டில இரண்டு பக்கக் கைமரமும் வந்து முகம் பொருந்தி நிக்க வேணும். அதுக்கு மேல் நுனியைத் தூக்குக்குண்டு நூல் விழுற திசையில, நிலைக்குத்தா வெட்ட வேணும். அந்த வெட்டு மரத்தின்ட நீள விளிம்போட எத்தனை பாகை? 60°. கிடைக்கு 30 எண்டா நிலைக்குத்துக்கு 60. கிடைக்கோணம் கீழ சுவரடியில, மற்றக் கோணம் உயர முகட்டடியில. ஒட்டியே இல்லை, ஆனால் ஒண்டை ஒண்டு விடாது.

என்னட்டப் பழகின பொடியன் ஒருத்தன் "சரிவு 30தானே அண்ணை" எண்டு விளிம்பில இருந்து 30° அளந்து ஆறு கைமரத்தை வெட்டிப்போட்டான். வெட்டு முகம் நீண்டு, கத்தி மாதிரிக் கூரா வந்திட்டுது. மேல தூக்கி வச்சா நுனி முட்டுது, அடிப்பக்கம் கை நுழையிற இடைவெளி. ஆறும் பிறகு கட்டையாத்தான் பாவிச்சம். நான் அவனை ஏசேல்லை. மூலைமட்டத்தைக் குடுத்து, ஒரு கைமரத்தையே நிலத்தில சாய்ச்சு வச்சு, இந்தப் பக்கம் 30, இந்தப் பக்கம் 60 எண்டு அவனையே அளக்க விட்டன். அதுக்குப் பிறகு ஒருநாளும் மாறேல்லை.

சேர் சொன்ன ஒத்த கோணமும் எங்களிட்ட இருக்கு. மரப்படிக்கட்டு செய்யேக்க, பக்கத்துச் சாய்வுப் பலகைதான் குறுக்கோடி, படிப்பலகைகள் சமாந்தரக் கோடுகள். திருப்பி இறுக்கிற மட்டத்தை முதல் படிக்குச் சரிப்படுத்தி இறுக்கினால், அதே கோணத்தில எல்லாப் படிக்கும் அடையாளம் போடலாம். அப்பிடிப் போட்டால் படியெல்லாம் தானாகச் சமாந்தரமா வரும்.

கிண்ணியா சேர் | சனி, மதியம் 1.10

தம்பி, கடைசி வரியில நீங்க சொன்னதைத்தான் நான் சொல்ல மறந்து போனன். நீங்க கோணத்தைச் சமனா வச்சு, அதனால படியைச் சமாந்தரமா எடுக்கிறீங்க. பரீட்சைக் கேள்வியில பெரும்பாலும் கோடு சமாந்தரம் எண்டு தந்து, அதனால கோணம் சமன் எண்டு எடுக்கிறம். ஒண்டு மற்றதின்ட மறுதலை. யூக்கிளிட் இதைத் தனித்தனியாவே நிறுவினார். கோணத்தில இருந்து சமாந்தரத்துக்குப் போறது 27, 28ஆம் கூற்று. சமாந்தரத்தில இருந்து கோணத்துக்கு வாறது 29. அந்த 29இலதான் முதல் தடவையா ஐந்தாவது எடுகோளை (நிறுவாமலே ஏற்றுக்கொண்ட கூற்றுகளில ஐந்தாவதை) கையில எடுக்கிறார். அவருக்கே அது வேற பாரமான வேலை எண்டா, பிள்ளைகள் கலக்கிறதில ஆச்சரியம் இல்லை.

ரியூசன் மாஸ்ரர் | சனி, மாலை 4.45

ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒத்த கோணத்துக்கு எஃப், ஒன்றுவிட்ட கோணத்துக்கு இசட், நேயக் கோணத்துக்கு யூ என்று வடிவம் சொல்லிக் கொடுப்பது நாங்கள்தான். வகுப்பில் அறுபது பிள்ளைகள், வாரம் இரண்டு மணித்தியாலம். குறுக்கோடியைப் பார்த்ததும் உறைந்துபோகும் பிள்ளைக்கு, "இசட்டைத் தேடு" என்றால் கண் ஒரு இடத்தில் நிற்கும். அதனால் சித்தியடைந்த பிள்ளைகளை நான் அறிவேன். அதை முழுக்கத் தூக்கி எறியச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

கிண்ணியா சேர் | சனி, இரவு 7.30

எறியச் சொல்லேல்லை மாஸ்ரர். நானும் கரும்பலகையில இசட் கீறினவன்தான். சோடி எங்க இருக்கு எண்டு கண்டுபிடிக்க இசட் நல்ல துணை. சமனா எண்டதை இசட் சொல்லாது. கோணலான இசட்டும் இசட்தானே. வடிவத்தைத் தேட முந்தி, இரண்டு கோட்டிலயும் சமாந்தரத்தைக் காட்டுற அம்புக்குறி இருக்கா, இல்லாட்டிக் கேள்வியில "சமாந்தரம்" எண்டு எழுதியிருக்கா எண்டு விரலால தொட்டுக் காட்டச் சொல்லுங்க. தொட்ட பிறகு இசட்.

ரியூசன் மாஸ்ரர் | சனி, இரவு 7.52

விரலால் தொட்ட பிறகு இசட். சரி சேர், திங்கட்கிழமை வகுப்பில் அதைச் செய்கிறேன். காரணம் எழுதும்போதும் "ஒன்றுவிட்ட கோணங்கள்" என்று மட்டும் விடாமல், கோடுகள் சமாந்தரம் என்பதையும் முன்னால் எழுத வைக்கிறேன்.

கொட்டியாரக் கடல் | சனி, இரவு 9.15

வாசித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் போக மனம் வரவில்லை. சரக்குக் கப்பலில் இருபது வருடம். இப்போது ஊரோடு இருக்கிறேன். பிள்ளைகள் புறக்கோணம் எதற்கு என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கப்பல் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகிறது. தூரத்தில் கரையில் வெளிச்சவீடு. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் நிற்பது போல ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அணியம் (கப்பலின் முன்முனை) காட்டும் திசைக்கும் வெளிச்சவீட்டுக்கும் இடையில் 30° வரும்போது நேரத்தைக் குறிக்கிறோம். போகப் போக அந்தக் கோணம் பெருக்கும். அது 60° ஆகும்போது மறுபடி நேரம். இடையில் அரை மணித்தியாலம், வேகம் 8 நொட் (மணித்தியாலத்துக்கு 8 கடல் மைல்) என்றால் கப்பல் ஓடியது 4 கடல் மைல். அந்தக் கணத்தில் வெளிச்சவீட்டுக்கும் கப்பலுக்கும் உள்ள தூரமும் அதே 4 கடல் மைல். தூரம் அளக்கத் தனிக் கருவி வேண்டாம், அட்டவணை வேண்டாம்.

ஏன்? முதல் இடம், இரண்டாம் இடம், வெளிச்சவீடு மூன்றும் ஒரு முக்கோணி. இரண்டாவதாக எடுத்த 60° அந்த முக்கோணியின் புறக்கோணம். புறக்கோணம் இரண்டு அகத்தெதிர்க் கோணங்களின், அதாவது முக்கோணிக்குள்ளே அதற்கு அடுத்ததாக இல்லாத இரண்டு கோணங்களின், கூட்டுத்தொகை. ஒன்று முதலில் எடுத்த 30°. அப்படியானால் வெளிச்சவீட்டடியில் இருக்கும் மற்றதும் 30°. இரண்டு கோணம் சமன் என்றால் எதிர்ப்பக்கங்களும் சமன். 20ஐ 40 ஆக்கினாலும் இதே கதைதான், இரண்டு மடங்காக வேண்டும், அவ்வளவே. நீரோட்டம் கப்பலைத் தள்ளாதவரை இது பொய்க்காது. முதன்முதலாக இராக்காவலில் இதைச் செய்து, பிறகு வரைபடத்தில் வைத்துச் சரிபார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த அந்தத் தேற்றம் கடலுக்குள் வந்து நின்றது போல இருந்தது.

நிலாவெளி ரீச்சர் | ஞாயிறு, காலை 9.00

ஐயா எழுதியது மிகவும் பிடித்தது. நான் விஞ்ஞான ஆசிரியை. ஒன்றுவிட்ட கோணத்துக்கு என்னிடமும் ஒன்று இருக்கிறது.

மார்ச் 21ஐ ஒட்டிச் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும். அன்று சூரியன் உச்சிக்கு வரும் நேரம் (நம்மூர் திருகோணமலையில் பகல் 12.12 அளவில்) ஒரு மீற்றர் தடியை நிலத்தில் நிலைக்குத்தாக நட்டால் நிழல் வடக்கே 15 சென்ரிமீற்றர் அளவில் விழும். தடிக்கும் ஒளிக்கதிருக்கும் இடையில் ஏறத்தாழ 8.6°. திருகோணமலையின் அகலக்கோடும் அதுதான். சூரியன் தொடுவானிலிருந்து நிற்கும் உயரம் 81.4°. இரண்டும் நிரப்பு கோணங்கள். யாழ்ப்பாணத்தில் அன்று உச்சி நேரத்தில் அளந்தால் நிழல் 17 சென்ரிமீற்றர், கோணம் 9.7° அளவில்.

இந்த 1.1° வித்தியாசத்தில்தான் பூமியின் அளவே இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரதோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் இப்படித்தான் பார்த்தார். எகிப்தின் தெற்கே சயீனில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாளில் அலெக்சாந்திரியாவில் கோணம் 7.2°. சூரியக் கதிர்கள் சமாந்தரக் கோடுகள். சயீனில் விழும் கதிரை நீட்டினால் பூமியின் மையத்துக்குப் போகும். அலெக்சாந்திரியாவில் நிற்கும் தடியை நீட்டினால் அதுவும் மையத்துக்குப் போகும், அதுதான் குறுக்கோடி. தடியின் நுனியில் உள்ள 7.2°உம் மையத்தில் உள்ள கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள், கதிர்கள் சமாந்தரம், ஆகவே சமன். 7.2° முழுச்சுற்றில் 50இல் ஒரு பங்கு. இரு நகரத்துக்கும் இடையில் 5000 ஸ்ரேடியா (பழைய கிரேக்க நீள அலகு) என்றால் பூமியின் சுற்றளவு 250,000 ஸ்ரேடியா.

கதிர்கள் சமாந்தரம் என்று எப்படிச் சொல்லலாம் என்று ஒரு மாணவன் கேட்டான். சூரியன் 15 கோடி கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது, பூமியின் விட்டம் 12,742 கிலோமீற்றர்தான். உங்கள் மகள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே அக்கா: சமாந்தரம் என்று யார் சொன்னது? ஏப்பிரல் 12ஐ ஒட்டி நம்மூரில் உச்சி நேரம் தடிக்கு நிழலே இருக்காது. அன்று அவளை முற்றத்துக்குக் கூட்டிப் போங்கள்.

உவர்மலை அம்மா | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் நன்றி. இன்று பின்னேரம் நாங்கள் ஒன்று செய்தோம், சொல்லியே ஆக வேண்டும்.

"இரண்டு பாகை வித்தியாசம் என்றால் அந்தக் கோடுகள் எங்கேயாவது சந்திக்க வேண்டும்தானே" என்று மகள் தொடங்கினாள். விறாந்தைச் சீமெந்துத் தரையில் சோக்கால் குறுக்கோடி கீறி, அதில் 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்தோம். பாகைமானியால் மேலே 64°, கீழே 118°. பிறகு நூல் பிடித்துக் கோட்டை நீட்டிக்கொண்டே போனோம். அரை மீற்றர் வரையும் சமாந்தரம் என்றுதான் சத்தியம் செய்வீர்கள். ஒன்றரை மீற்றரில் இடைவெளி பாதியளவு குறைந்துவிட்டது. வலப்பக்கம் 2 மீற்றர் 80இல், கதவு நிலைக்குக் கிட்ட, இரண்டு நூலும் தொட்டது. கத்திக்கொண்டு துள்ளினாள்.

இப்போது கேட்கிறாள்: இடப்பக்கம் நீட்டினாலும் சந்திக்குமா? சுவர் இடிப்பதால் பார்க்க முடியவில்லை.

கிண்ணியா சேர் | ஞாயிறு, இரவு 9.25

மாஷா அல்லாஹ். கணக்குப்படி 2 மீற்றர் 57இல சந்திக்க வேணும். பாகைமானியில கால் பாகை அங்க இங்க போனாலே 20, 30 சென்ரிமீற்றர் மாறும், அதனால 2.80 நல்ல அளவு.

நேயக் கோணங்களைக் கூட்டச் சொல்லுங்க. வலப்பக்கம் 116உம் 62உம், மொத்தம் 178. இடப்பக்கம் 64உம் 118உம், மொத்தம் 182. 180க்குக் குறைஞ்ச பக்கம்தான் சந்திக்கும். யூக்கிளிட்டின்ட ஐந்தாவது எடுகோள் சொல்லுறது இதைத்தான். இடப்பக்கம் விலகிக்கொண்டே போகும், சுவரை இடிக்க வேண்டாம்.

அவட்ட ஒண்டு கேளுங்க. மேலே 64ஐ அப்படியே வச்சுக்கொண்டு, 118 இருக்கிற இடத்தில எத்தனை இருந்தா இரண்டு பக்கமும் சந்திக்கவே மாட்டாது?

உவர்மலை அம்மா | ஞாயிறு, இரவு 9.41

116 என்றாள். காரணம் கேட்டேன். "நேயக் கோணங்கள், கூட்டினால் 180, ஆகவே சமாந்தரம்" என்று, அந்த ஒழுங்கிலேயே சொன்னாள்.